இருட்டுக்குள் இருட்டு

இன்ஸ்ப்ரூக்கில் இரவு இரண்டு நாற்பது.
மலையிறங்கிய வெப்பக்காற்று
தெருவிளக்குகளை உலுக்குகிறது.
கீழ்த்தளத்தில் நோட்புர்கா
நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்து
ஆறிய சூப்பைக் கிளறுகிறாள்; குடிக்கவில்லை.

லேசர் ஒளி பிடித்துவைத்திருக்கிறது
சில பத்தாயிரம் டிஸ்ப்ரோசியம் அணுக்களை.
குளிர் என்று சொன்னால் போதாது,
குளிரில் இன்னும் நடுக்கம் இருக்கும்.
ஒவ்வொன்றும் ஒரு காந்த ஊசி.
முன்னும் பின்னுமாய் நின்றால் இழுக்கும்,
தோளோடு தோள் நின்றால் தள்ளும்.
டிராமுக்கு நிற்பவர்கள் நேர் எதிர்.

இவற்றைக் கலக்கக் கரண்டி கிடையாது.
காந்தப்புலத்தைச் சாய்த்துச் சுற்றினால்
மேகம் நீண்டு கூடவே சுற்றும்.
மெல்லச் சுற்றினால் ஒன்றும் ஆகாது.
ஒரு வேகம் தாண்டியதும்
ஓரத்திலிருந்து நுழையும் சுழி.

பாலத்தூணடியில் இன் நதி போடும் சுழிகளில்
பெரிசு, சிறிசு, பாதியில் கலைந்தது எல்லாம் உண்டு.
இங்கே ஒரே அளவுதான்.
அரைச்சுழிக்குப் பேரம் படியாது.
நடுவில் அணுவே இல்லை.
பூஜ்யத்துக்கும் சுழி என்று பெயர் வைத்தவர்கள்
எதைப் பார்த்து வைத்தார்களோ.

போன மாதம்
புலத்தை ஒருபக்கம் சாய்த்து நிறுத்தினாள்.
சுழிகள் அந்தத் திசைக்கே
வரி வரியாய் ஒதுங்கி நின்றன.
அன்று அவள் சிரித்ததை
காவலாளி லாடிஸ்லாவ் கூடக் கேட்டாராம்.

இன்று மேகம் மூன்று துளியாய்த் திரண்டிருக்கிறது,
உறைந்தும் ஓடியும், ஒரே நேரத்தில்.
சுற்றினாள். படம் எடுத்தாள்.
சுழி இல்லை.
படம் எடுத்தால் மேகம் செத்துவிடும்;
மறுபடி உலோக ஆவியிலிருந்து தொடங்கவேண்டும்.
நானூற்றுப் பன்னிரண்டு முறை தொடங்கியாயிற்று.

ஷிப்ட் மாற்ற வந்த கொர்பினியன்
சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே திரையைப் பார்த்தான்.
"துளிகளுக்கு நடுவே ஏற்கெனவே இருட்டு.
ஓட்டை அங்கே போய் உட்கார்ந்தால்
யாருக்குத் தெரியும்?"

அவள் பதில் சொல்லவில்லை.
அடுத்த மேகத்தைச் சுற்றிவிட்டு,
படமெடுக்கும் முன்
புலத்தை ஒரு நூலளவு மாற்றினாள்.
துளிகள் உருகி ஒன்றாயின.
ஒளிய இடமில்லாமல்
நடுவிலிருந்து சற்றுத் தள்ளி
கறுப்பாய் ஒரு புள்ளி.

யாரும் கத்தவில்லை.
கொர்பினியன் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினான்.
அவள் பதிவேட்டில் எழுதினாள்:
413. ஒன்று இருக்கிறது.
பேனாவைக் கடித்தபடி கொஞ்சம் யோசித்தாள்.
"இருக்கிறது" என்பதை அடித்து
"இருந்தது" என்று திருத்தினாள்.