உச்சவரம்பு

கூட்டம் ஐந்து மணிக்கென்று போட்டு
ஐந்தே முக்காலுக்குத் தொடங்கியது.
உரும்பிராய் வாசிகசாலையில் ஒரு ஃபான்தான் சுற்றும்,
அதன் கீழே தலைவரும் டொக்டரும்.
நான் செயலாளர். அறிக்கைப் புத்தகம் என் மடியில்.

மூன்றாம் விடயம்: தேங்காய் பிடுங்கும் கூலி.
"மரத்துக்கு முந்நூறு கேக்கிறாங்கள்.
ஏறி இறங்கப் பத்து நிமிசம் இல்லை" என்றார்
வங்கியில் ஓய்வுபெற்ற பரஞ்சோதி.
அப்படியென்றால் மணிக்கு ஆயிரத்து எண்ணூறு என்று
விரலை மடிக்காமலே கணக்கும் சொன்னார்.
மண்டபம் ஒருமுறை மூச்சை இழுத்தது.
எழுதினேன்.

யோகதாஸ் வாசல் நிலையோடு நின்றான்.
கதிரைகள் இருந்தன.

"இதுக்கொரு உச்சவரம்பு வேணும்" என்றார் கெமிஸ்ரி மாஸ்டர்.
அவருடைய கொட்டகையில் சனி ஞாயிறு நானூறு பிள்ளைகள்,
ஆளுக்கு மாதம் இரண்டாயிரம்.
என் மகள் கடைசி வாங்கு. அவளுக்கு
அவர் முகத்தைவிட மைக் சத்தம்தான் பழக்கம்.
பெருக்கிப் பார்க்கப் பேனையைத் திருப்பினேன்,
பிறகு வைத்துவிட்டேன்.
அவரிடம் போனால் 'ஏ' வரும் என்கிறார்கள்.
'ஏ' என்ன விலை என்று எனக்குத் தெரியாது.

டொக்டர் அதிகம் பேசுவதில்லை.
கிழமை நாட்களில் பின்னேரம் நாற்பது நம்பர்,
நம்பருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு.
எனக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கிடைத்தது,
நான்கு என்றும் சொல்லலாம்.
ஆனால் போன மாசியில்
தம்பிக்கு அப்பென்டிக்ஸ் வெடித்த இரவு
பெரியாஸ்பத்திரிக்குச் சாரத்தோடு ஓடிவந்தவர் அவர்.
அந்த இரவுக்கு ஒரு சதம் வாங்கவில்லை.
கேட்டிருந்தால் இரண்டு காப்பையும் கழற்றியிருப்பேன்,
எவ்வளவு என்று கேட்காமல்.
அதனால் நியாயம் தெரிந்தவள்போல நான் கதைக்கக்கூடாது.

தையல்கடைத் துவாரகாதான் எழும்பினாள்:
"அப்ப எல்லாருக்கும் போடுவமே?
மாஸ்டருக்கும், டொக்டருக்கும்?"
சிரித்தார்கள். டொக்டரும் சிரித்தார்.
"எனக்குப் போட்டா நான் மெல்பேணுக்குப் போயிடுவன்."
பகிடிதான்.
ஆனாலும் அவருடன் படித்தவர்களில் பாதி அங்கேதான்.
சிரிப்பு நின்ற வேகத்தில்
எல்லோரும் தங்கள் வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்ததுபோல் இருந்தது.
தானென்றால் சூமில் படிப்பிப்பேன் என்றார் மாஸ்டர்.
யோகதாசுக்குப் போக இருந்த ஒரே இடம்
மேலே.

என் இவர் மயிலிட்டி.
அங்கே மீன் வந்தால் வள்ளத்துக்குப் பங்கு,
எஞ்சினுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு,
மிச்சம் ஆட்களுக்கு.
எஞ்சின் என்ன சாப்பிடும் என்று
கலியாணமான புதிதில் கேட்டேன்.
மண்ணெண்ணெய் என்றார்.
அதற்குமேல் நான் கேட்கவில்லை.

என் சம்பளத்துக்கு அரசாங்கம் ஏணி செய்து தந்திருக்கிறது.
வருடம் ஒரு படி. சறுக்கினால் மருத்துவ விடுமுறை.
அவனுக்குத் தளைநார்.

தீர்மானம்: மரத்துக்கு இருநூறுக்குமேல்
ஒருவரும் கொடுப்பதில்லை.
கைகளை எண்ணினேன். இருபத்துமூன்று.
என் கை எழுதிக்கொண்டிருந்தது,
உயர்த்தாததற்கு அதுதான் காரணம்.

இரவு, நகல் எடுக்கும்போது நினைவு வந்தது.
இருபத்துமூன்றாவது கை வாசலில் இருந்தது.
அது வாக்கு இல்லை.
ஏதோ கேட்பதற்கு உயர்த்திய கை.
தலைவர் "நிறைவேறிற்று" என்று நாலாம் விடயத்துக்குப் போய்விட்டார்.
கை இன்னும் கொஞ்சம் அப்படியே நின்று
பிறகு இறங்கியது.

இருபத்திரண்டு என்று திருத்தினாலும்
தீர்மானம் தீர்மானம்தான்.
கேட்காத கேள்வியை
எந்த விடயத்தின் கீழ் எழுதுவது?

கிணற்றடி மரத்தில் குலை முற்றி
ஓட்டுக்கு நேரே தொங்குகிறது.
வெள்ளிக்கிழமைக்கு முன் அவனுக்கு ஃபோன் எடுக்கவேண்டும்.
நம்பர் இருக்கிறது.
"எவ்வளவு" என்ற சொல்லைத்தான்
எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.