நிறை

நெல்லுச் சாக்கு நிறுக்கிறவன் நான்.
ஒட்டுசுட்டான் களஞ்சியத்தில் பன்னிரண்டு வருசம்.
ஈரம் பார்த்து, பதர் பார்த்து,
சாக்குக்கு ஒரு கிலோ கழித்து
துண்டு எழுதிக் கொடுக்கிற கை.
தராசு முள்ளு நடுங்கி நிற்கும்வரை
மூச்சு விடாதே என்று
புதுப் பொடியன்களுக்குச் சொல்லுவேன்.

ஆயிரத்து நூற்று நாற்பது என்றார்கள்.
கிராம்.
சாம்பிள் நெல் அள்ளும் பையைவிடக்
கொஞ்சம் கூட.

அதற்கு முந்தின இரவு ஒலுமடுவில் யானை.
சிறிகரன் ஓட்டோ வெளிச்சத்தை அணைத்தான்.
சுகிர்தா என் சேட்டுக் கையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
யானைக்கு அவசரமில்லை.
குட்டியை முன்னால் தள்ளித் தள்ளி
றோட்டைக் கடந்தது.
"இதுகள் இருபத்திரண்டு மாசம் சுமக்குமாம்" என்றான் சிறிகரன்,
வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.
அவள் சுமந்தது முப்பது கிழமை.

மாங்குளத்தில் இறக்கி, அம்புலன்சில் ஏற்றி,
கிளிநொச்சி வரவும் விடியவும் பிறக்கவும்
எல்லாம் ஒன்றாய் நடந்தது.
அழுகை கேட்கவில்லை.
சக்கரம் உருட்டிப் போகும் சத்தம் மட்டும்.

மாமி விரல் விட்டு எண்ணினா.
ஏழில் பிறந்தது தங்கும், எட்டில் பிறந்தது தங்காது.
முப்பது கிழமை ஏழா, எட்டா?
கலண்டரோடு சண்டை பிடித்து
கடைசியில் ஏழென்று தானே தீர்ப்புச் சொன்னா.

கண்ணாடிப் பெட்டிக்குள் மகள்.
காதுமடல் இன்னும் மடிப்பு விரியவில்லை.
குதிகால் என் பெருவிரல் நகமளவு.
மூக்கால் போகும் குழாயில்
மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால்
இரண்டு மில்லி பால்.
அதைப் பிழிய சுகிர்தா அரைமணி நேரம் குனிந்திருப்பாள்.
ஒருநாள் கோப்பை சரிந்து கொஞ்சம் சிந்தியது.
இரண்டு ஏக்கர் வயலை வெள்ளம் கொண்டுபோன வருசம்
கண் கலங்காதவள்,
நிலத்தைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

மூன்றாம் நாள் ஆயிரத்து எழுபது.
"உடம்புத் தண்ணி வத்துது. வழமைதான், பயப்படாதேங்கோ"
என்றார் டொக்டர்.
ஈரக் கழிவு எனக்குத் தெரியாதா?
எத்தனை கமக்காரருக்கு
இதே குரலில் சொல்லியிருப்பேன்.
அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை
அன்றைக்கு என் முகத்தில் உணர்ந்தேன்.

போனில் கபிஷன்:
"தங்கச்சி இன்னும் முட்டைக்குள்ளயோ அப்பா?"
கண்காட்சியில் குஞ்சு பொரிக்கிற பெட்டி பார்த்தவன்.
"ஓம்."
"உள்ளுக்கிருந்து கொத்துறாவோ?"
"கொத்துறா."

முப்பத்தோராம் நாள்.
துடக்குக் கழிக்கவில்லை, பேர் வைக்கவில்லை.
பெட்டியில் 'சுகிர்தாவின் குழந்தை' என்ற துண்டு.
ஆயிரத்து நானூற்றுப் பத்து.
தாய்க்குக் காய்ச்சல், உள்ளே விடமாட்டார்கள்.
தினமும் அவள் நெஞ்சில் கிடந்து பழகிய பிள்ளை
சிணுங்கியது.

"அப்பா வாங்க" என்றா மிஸ்ஸி.
குருநாகல்காரி, வகுப்பில் படித்த தமிழ்.
"சேட் கழட்டுங்க.
சங்கிலி, தாயத்து, இரும்பு ஏதும்
நெஞ்சில இருக்க வேணாம்."
"வெளியில ஒண்டுமில்லை, மிஸ்ஸி."

தழும்பைப் பார்த்தா.
ஒன்றும் கேட்கவில்லை.
பிள்ளையின் கன்னத்தை
அதிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்து
துணியால் எங்களைச் சேர்த்துக் கட்டினா.

கொஞ்ச நேரத்தில் மகள்
வழுக்கி வழுக்கி
தழும்பின் மேலேயே வந்து படுத்துக்கொண்டாள்.
மாரி காலத்தில் உள்ளுக்குள் குத்துகிற துண்டு அது.
அசையாமல் இருந்தேன்.
முள்ளு நிற்கட்டும் என்பதுபோல்.

"ஐயா, மூச்சு விடுங்க" என்றா மிஸ்ஸி.
"நீங்க விட்டாத்தான்
பேபியும் விடும்."