ஏழாவது கிளிப்

சூளகிரி தாண்டும்போது தொடங்கும்.
அறுபதில் இல்லை, எழுபதில் இல்லை,
சரியாக அறுபத்தைந்தில்
இடது கதவுக்குள் யாரோ
புளியங்கொட்டை குலுக்குவார்கள்.
மாதேஷ் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவான்.
அவனுக்குத் தெரிந்த ரிப்பேர் அது.

மூன்று கை மாறிய வண்டி. பேஸ் மாடல்.
வாங்கிய அன்று பொத்தான்களை எண்ணினேன்,
ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஐந்து.
இரண்டு வேலை செய்யும்.
மூன்று, பொத்தான் மாதிரி இருக்கும்.
அமுக்கினால் அமுங்காது.
விலை கூடிய வண்டியில் அந்த இடத்தில்
பனிவிளக்கு எரியும், பக்கக் கண்ணாடி மடங்கும்.
எங்களுக்கு,
இங்கே ஒன்று இருந்திருக்கலாம் என்ற தகவல் மட்டும்
கறுப்பு பிளாஸ்டிக்கில்.

பின் ஜன்னல் பாதிதான் இறங்கும்.
என் பக்கத்து வெயில்தட்டைத் திருப்பினால்
கண்ணாடிக்கான பள்ளம் உண்டு, கண்ணாடி இல்லை.
பானெட்டைத் தூக்கினால் உள்ளே
சிவப்பு தீர்ந்து சாம்பல் பூச்சோடு நிற்கிறது,
விருந்தாளி பார்க்காத சுவருக்குச்
சுண்ணாம்பு எதற்கு என்று விட்ட மாதிரி.
ஹாரன் ஒற்றை.
தொப்பூர் இறக்கத்தில் பதினாறு சக்கர லாரிக்கு முன்னால்
அது தும்முகிறது.

இதையெல்லாம் நான் குறை சொல்ல முடியாது.
ஓசூர் சிப்காட்டில் ஆறு வருஷம்
பி ஷிஃப்டில் இருந்தவள்.
கதவின் உள்பலகையைப் பிடித்து நிறுத்துமே வெள்ளை கிளிப்,
நகத்தளவு, சின்னச் சவுக்கு மரம் போல,
என் மெஷின் ஒருமுறை வாய் திறந்தால்
பதினாறு துப்பும்.

ஒரு புதன்கிழமை டீ நேரத்தில்
பிரகலாதன் சார் வந்து சொன்னார்:
கதவுக்கு ஏழு வேண்டாமாம், ஆறு போதுமாம்.
கிளிப் எண்பத்தைந்து காசு.
நான்கு கதவு, மூன்று ரூபாய் நாற்பது காசு.
அதை வருஷத்து வண்டிகளால் பெருக்கி
வெள்ளைப் பலகையில் எழுதினார்.
சுழியங்கள் பலகையின் ஓரம் வரை போயின.
நாங்கள் கைதட்டினோம்.
ஆளுக்கொரு மைசூர்பாகு கொடுத்தார்கள்.
நெய் குறைவு.

அடுத்த மாதம் மஞ்சுளாவின் மெஷினை நிறுத்தினார்கள்.
கணக்கு அதுவரை வரும் என்று
யாரும் பெருக்கிப் பார்க்கவில்லை.

நேற்று காவேரிப்பட்டணம் முனிரத்தினம் கடையில்
கதவைப் பிரித்தோம்.
ஆறு கிளிப்பும் அதனதன் இடத்தில்,
ஒன்றுகூட உடையவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமை,
வெட்கமில்லாமல் சொல்கிறேன்.
ஏழாவதற்கான துளை அப்படியே இருக்கிறது
கீழ் மூலையில், விளிம்பு மழுங்காமல்.
துளையை அடைக்க அச்சை மாற்ற வேண்டும்,
அது செலவு, விட்டுவிட்டார்கள்.
பலகையின் முதுகில் தேதிச் சக்கரம்.
அம்பு ஆகஸ்ட்டைக் காட்டியது.
அந்த ஆகஸ்ட்டில் நான் ஒருநாள்கூட லீவு போடவில்லை.

"இந்த மாடல் உள்ளே வந்தாலே
எந்த மூலைன்னு கேக்கறதில்லமா" என்றார் முனிரத்தினம்.
ஹார்லிக்ஸ் பாட்டிலிலிருந்து
வேறு கம்பெனி வண்டியின் கிளிப் ஒன்றை எடுத்தார்.
பச்சை. அரை மில்லி பருமன் அதிகம்.
சுற்றி சைக்கிள் டியூப் துண்டு.
உள்ளங்கையால் ஒரு தட்டு.
பத்து ரூபாய்.
"எண்பத்தைந்து காசுப் பொருள்" என்றேன்.
"அங்க" என்றார்.

இன்று காலை சூளகிரி.
அறுபத்து மூன்று. அறுபத்து நான்கு.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
கதவு வாயைத் திறக்கவில்லை.
மாதேஷ் பாட்டைக் குறைத்தான், பிறகு நிறுத்தினான்.
இந்த வண்டியில் முதல்முறையாக
டயர் சத்தம் கேட்டது.

அதற்கு அடியில் வேறொன்று.
டேஷ்போர்டுக்குள், வலது பக்கம்,
மெல்லிசாக, விடாமல்.
அவன் என்னைப் பார்த்தான்.

அது எங்கள் கம்பெனி இல்லை.
அதற்கு வேறு யாரோ
கைதட்டியிருப்பார்கள்.