மகமைக் கணக்கு

பெட்டிக்கு ஒரு ரூபாய் மகமை.
வருஷக் கடைசியில் எண்பத்து மூவாயிரத்து நானூறு.
ராயக்கோட்டை தக்காளி மண்டியில்
கணக்கெழுதும் என்னைத்தான் அனுப்பினார்கள்:
"போய்ப் பாரும், அந்தக் காப்பகத்துக்குக் கொடுக்கலாமா என்று.
பள்ளிக்கூடக் கக்கூஸுக்கும் கேட்கிறார்கள்."

உத்தனப்பள்ளி சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி
பாறைக்குப் பின்னால் ஒரு கிலோமீட்டர்.
பலகையில் நூற்று நாற்பது ஜீவன்கள்.
நான் எண்ணியது அறுபத்தொன்று.
வேம்புக்குப் பின்னால் ஒரு எருது நகர்ந்துகொண்டே இருந்தது;
அதை இரண்டு முறை எண்ணினேனோ,
ஒரு முறையும் எண்ணவில்லையோ.

நிறுவனர் பெங்களூரில் இருந்தார்.
போனில் குரல் நன்றாக இருந்தது.
பில்களைப் படம் எடுத்து அனுப்பினார்.
பன்னிரண்டு மாத வைக்கோல்,
ஒரே பேனா, ஒரே சாய்வு.
ஒரே உட்காரலில் எழுதியவன்
ஏழாம் மாதத்தில் கை வலித்து உதறியிருக்கிறான்,
மைத்துளி தெரிந்தது.
இருபது வருஷமாய் எழுதுகிறவனுக்கு
இதுகூடவா தெரியாது.

நோட்டீஸில் இருக்கிற கன்றுக்குட்டி எங்கே என்றேன்.
கண்ணில் நீர் கோத்த, மூக்கு வெளுத்த கன்று.
அதைப் பார்த்துத்தான் என் மனைவி
ஐந்நூறு அனுப்பியிருந்தாள்.
"அது செத்து ரெண்டு வருஷமாச்சுங்க" என்றாள் திம்மக்கா.
ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
"அதுதான் இன்னும் சம்பாரிக்குது."

அவளுக்கு நான்கு மாதமாய்ச் சம்பளம் இல்லை.
ஏன் இருக்கிறாய் என்று கேட்கவில்லை.
கேட்டால் ஏதாவது நல்ல பதில் சொல்லிவிடுவாள்,
அதை எந்தப் பத்தியில் எழுதுவது?
குருட்டுக் கழுதை ஒன்று
அவள் வளையல் சத்தத்துக்குத் தலையைத் திருப்பியது.
மூன்று கால் நாய் என் செருப்பை மோந்துவிட்டு
வேண்டாம் என்று போய்விட்டது.
"தக்காளி விலை ஏறினா இங்க பட்டினிங்க" என்றாள்,
என்னை மண்டிக்காரன் என்று தெரிந்தே.

வரவு நோட்டைக் கேட்டேன்,
பணவரவை நினைத்துக்கொண்டு.
அவள் எடுத்து வந்தது
அவள் மகன் எழுதிய நாற்பது பக்கக் கோட்டு நோட்டு.

ஜனவரி 22. கெழ எருது ஒண்ணு. கொம்புல பெயிண்ட் போகல.
ஏப்ரல் 3. கறவை நின்ன மாடு. வேலில கட்டிட்டு ஓடிட்டாங்க.
ஜூன் 16. காளைக்கன்னு மூணு. ராத்திரி. லாரி.

கீழே லாரியின் எண்.
பையன் துரத்திப் போய்ப் பார்த்திருக்கிறான் போல,
கடைசி இலக்கம் மட்டும் அழித்தழித்து எழுதியது.
ஏழா, ஒன்றா.
ஏழு.
வாடகைப் பேரேட்டில் நான் தினமும் எழுதுகிற எண்.

கமிட்டி கூடியது. மின்விசிறி, டீ, போண்டா.
"எல்லாம் ஏமாத்து வேலை" என்றார் கெம்பண்ணா.
மகமையில் பெரும்பங்கு அவருடையது,
லாரியும்.
ஆமாம் என்றேன். பில்களைக் காட்டினேன்.
பலகையைச் சொன்னேன், செத்த கன்றைச் சொன்னேன்.
பிறகு நோட்டிலிருந்து தேதி தேதியாகப் படித்தேன்.
ஜூன் 16 வந்தபோது
எண்ணை முழுதாகப் படித்தேன், அழித்தல் திருத்தல் இல்லாமல்.

போண்டாவை யாரோ பாதியில் வைத்தார்கள்.

தீர்மானம்: ரொக்கமாக இல்லை.
ஆறு மாதத்துக்கு வைக்கோல், பில் என் மேசைக்கு.
திம்மக்கா சம்பளம் அவள் கையில்.
மிச்சமிருந்தால் கக்கூஸுக்கு.

மிச்சமிருக்காது. எழுதும்போதே தெரியும்.
அந்தப் பள்ளிப் பெண்கள்
மூன்றரை மணி மணிக்காகக் காத்திருப்பதும் தெரியும்.
நிறுவனர் அன்றே கூப்பிட்டார், மிகவும் நன்றி,
பணமாகத் தர முடியாதா?
ஒரு பொய்ப் பலகைக்கு அடியில் நிஜமாகவே பசிக்கிறது;
என் பேரேட்டில் அதற்குத் தலைப்பு இல்லை.

இன்று பெட்டி ஐம்பதுக்கு விழுந்தது.
கொண்டுவந்தவர்கள் வாசலிலேயே கொட்டிவிட்டுப் போனார்கள்.
சாயங்காலம் அள்ளி ஏற்றி
காப்பகத்துக்கு ஒரு லாரி போனது.
எண்ணை எழுதினேன்.
வாடகை முந்நூறு, கெம்பண்ணா
கேட்டு வாங்கிக்கொண்டார்,
மகமையிலிருந்து.