ஏறத்தாழ

பகலில் நான் பார்ப்பது
கொசுவின் கண்ணளவுப் பற்சக்கரங்கள்.
உருப்பெருக்கியின் கீழ் ஒரு பல் பிசகித் தெரிந்தால்
சிவப்புத் தட்டில் போடவேண்டும்.
பீல் நகரத்தில் எனக்கு அதற்குத்தான் சம்பளம்.

சனி மாலையென்றால் சாம்பல் சட்டை,
கழுத்தில் விசில்.

விதிநூலில் ஒரு பக்கம் எனக்குப் பிடிக்கும்.
தரையில் நிற்கிற ஒவ்வொருத்திக்கும்
தன் உடம்பின் அகலத்தில்
ஒரு தூண் காற்றுச் சொந்தம்,
கூரை வரைக்கும்.
நேராய்க் குதிக்கலாம், கையை நேராய் உயர்த்தலாம்,
பி அட்டையா எஃப் அட்டையா
என்று எவரும் கேட்பதில்லை.
முட்டுப்பட்டால் மட்டும் தவறாகாது.
தன் தூணை விட்டு
மற்றவளின் தூணுக்குள் போனது யார்,
அவ்வளவுதான் கேள்வி.

போன சனி, நாலாம் கால்பகுதி,
ஒரு புள்ளி வித்தியாசம்.
பந்து வளையத்தில் பட்டு
யாருக்கும் சொந்தமில்லாமல் மேலே போனது.
கீழே பீலின் ஏழாம் இலக்கம்,
லாங்கென்தாலின் பன்னிரண்டாம் இலக்கம்.
ஏழின் இடுப்பு பன்னிரண்டைப் பின்னுக்குத் தள்ள
பன்னிரண்டின் முழங்கை ஏழின் கழுத்தடியில்.
ஊதிவிட்டேன்.
மூளை பிறகுதான் வந்து சேர்ந்தது.

பயிற்றுநர் இருவரும் எழுந்துவிட்டார்கள்,
ஒருவர் பிரெஞ்சில், மற்றவர் ஜெர்மனில்.
எனக்கு இரண்டும் விளங்கும்.
அதுதான் தொல்லை.

எதிரெதிர் ஆட்டக்காரர் இருவர்
ஒருவர்மேல் ஒருவர்
ஏறத்தாழ ஒரே நேரத்தில், என்கிறது விதி.
ஏறத்தாழவாம்!
நொடியை எட்டாய் வெட்டுகிற
மணிக்கூடுகளின் ஊரில்.
ஆனால் ஒருத்தி ஏற, ஒருத்தி தாழ
நான் கண்டதும் அதைத்தானே.
இரண்டு முஷ்டியையும் தலைக்குமேல் ஆட்டினேன்.
இரட்டைத் தவறு.

மேசைக்கு ஓடி விரல்களால் சொன்னேன்.
ஏழுக்கு ஐந்தும் இரண்டும்,
பன்னிரண்டுக்கு ஒரு முஷ்டியும் இரண்டு விரலும்.
தாளில் எழுதிக்கொண்டிருந்த ரெகுலா
பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.
ஏழுக்கு இது இரண்டாவது.
பன்னிரண்டுக்கு ஐந்தாவது.

ஐந்தென்றால் வெளியே.
துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு
வாங்கின் கடைசியில் போய் இருந்தாள்.
மேசையிலிருந்த அம்பு லாங்கென்தால் பக்கம் காட்டியது.
பந்து அவர்களுக்குத்தான்,
வேறொருத்தி எடுத்து எறிந்தாள்.

உடைமாற்றும் அறையில் லொய்க் கேட்டான்,
"இடுப்புத்தானே முதலில்?"
அவன் மற்றக் கோடியில் நின்ற நடுவர்,
அங்கிருந்து அவனுக்கு முதுகுகள்தான் தெரிந்திருக்கும்.
சப்பாத்து நாடாவில் ஒரு முடிச்சு இறுகிக் கிடந்தது.
"ஓம்," என்றேன். "எட்டில் ஒரு பங்கு."
சிரித்தான். பகிடி என்று நினைத்தான்.

திங்கள் காலை ஏழு மணி.
உருப்பெருக்கியின் கீழ் ஒரு சக்கரம்,
ஒரு பல்லின் ஓரத்தில் ஏதோ.
பிசகா, தூசியா?
ஊதினேன்.
பிறகும் இருந்தது.