இரண்டு ஷிப்டுக்கு ஒரு ஜோடி

உலான்பாத்தரில் ஜனவரியின் காலை
வெளிச்சமாக வருவதில்லை,
புகையாக வருகிறது.
மலைச்சரிவில் வட்டக் கூடாரங்கள்,
ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு தகரக் குழாய்,
ஒவ்வொரு குழாயும் இருமுகிறது.

சனிக்கிழமை. மூடிப்போன கார் பட்டறையில்
பூட்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் நான்.
முதல் வாரம் வந்தது வங்கி அனுப்பியதால்.
ஒரு பதாகை, பன்னிரண்டு பேர், ஒரு புகைப்படம்.
மேலாளர் ஒரு குழந்தையின் தலையில் கைவைத்து நின்றார்;
கையில் உறை இருந்தது.
மற்றவர்கள் அதோடு சரி.
நான் ஏன் திரும்பி வந்தேன் என்று
யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.
என் வீட்டில் ஹீட்டர் நன்றாகவே வேலை செய்கிறது.

பாதம் அளப்பது என் வேலை.
மரச்சட்டத்தில் குதிகாலை வை, விரலை நீட்டு, அசையாதே.
கூச்சத்தில் சிரிப்பவர்கள் உண்டு.
காலுறையின் ஓட்டையைப் பெருவிரலால் அடைக்கப் பார்த்து
அந்தப் பெருவிரலாலேயே மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

தெமூலென் சட்டத்தில் கால் வைக்கவில்லை.
ஒன்பது வயதிருக்கும்.
அவன் இழுத்து வந்த தண்ணீர் வண்டி வாசலில் நின்றது,
கேன்களின் கழுத்தில் ஐஸ் பிடித்திருந்தது.
சட்டைப்பையிலிருந்து ஒரு கயிறு எடுத்தான்.
கயிற்றில் இரண்டு முடிச்சு.
'இது நான். இது அக்கா.
அக்கா முடிச்சுக்குக் குடுங்க.'

உனக்குத்தானே?
'ரெண்டு பேருக்கும்.'

அவனுக்குக் காலைப் பள்ளி, அவளுக்கு மதியம்.
பன்னிரண்டரைக்குக் கேட்டில் பூட்ஸ் கைமாறும்.
கம்பளிக் காலுறைமேல் பிளாஸ்டிக் பை கட்டி
அவள் ஓடி வருவாள்,
அதே பையைக் கட்டிக்கொண்டு இவன் ஓடிப்போவான்.
'அக்காவுக்குக் குளிராது' என்றான்,
'நான் போட்டுக் கழட்டினதுதானே.'

படிவத்தில் வீட்டுக்கு ஒரு வரி,
வரிக்கு ஒரு ஜோடி.
பதினோரு வருடமாகக் காசாளன் நான்.
மாலைக் கணக்கில் ஒரு துக்ரிக் உதைத்தாலும்
கண்ணாடியைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து எண்ணுகிறவன்.
அன்று முப்பத்தொன்றை ஒரு பையிலும்
முப்பத்தாறை இன்னொரு பையிலும் போட்டேன்.
வரியில் ஒன்று என்றே எழுதினேன்.
என் ஒன்று வழக்கத்தைவிடச் சற்றுச் சாய்ந்திருந்தது.

மாலையில் செண்ட்மா எண்ணினாள்.
சந்தையில் இறைச்சி விற்றவள், விரல் மடக்காமல் எண்ணுவாள்.
'ஒரு ஜோடி உதைக்குது.'
எண்ணும்போது தவறியிருப்பேன் என்றேன்.
'நீயா?'
பேனா முனையை வாயருகே வைத்து ஊதினாள்,
மை உறைந்திருந்தது.
பிறகு கடைசிக் கட்டத்தில் எழுதினாள்:
எலி கடித்தது.

அந்த வாரம் முழுக்க நான் கொஞ்சம் நல்லவனாக இருந்தேன்.
பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தேன்.
கவுன்டரில், கையெழுத்து மாறிப்போன கிழவரிடம்
மூன்று முறை பொறுமையாகச் சொன்னேன்.
யாருக்கும் தெரியாமல்
என்னை நானே புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை தெமூலென் வந்தான்.
காலில் அதே பழைய பூட்ஸ்,
பக்கவாட்டில் நீல டேப் சுற்றியது.
புதுசு எங்கே?
'அக்காவோடது அக்காகிட்ட.'
உன்னோடது?
'பக்கத்து வேலி நொமின்கிட்ட.
அவ பள்ளிக்கூடம் போறதே இல்ல.
இப்பப் போறா.'

ஏன் கொடுத்தாய் என்று நான் கேட்கவில்லை.
அவன் திருப்பிக் கேட்டுவிடலாம்.

கயிற்றை எடுத்து மேசையில் வைத்தான்.
முடிச்சு மூன்றாகியிருந்தது.
மூன்றாவது, முனைக்கு மிக அருகில்,
என் நடுவிரல் நீளம்கூட இல்லை.

'நொமினோட தம்பி.
நடக்க இப்பதான் ஆரம்பிச்சிருக்கான்.'

கதவு திறக்கும்போதெல்லாம் புகை உள்ளே வந்து
அதுவும் வரிசையில் நின்றது.
செண்ட்மா பதிவேட்டை மூடினாள்.
முதுகைத் திருப்பிக்கொண்டு தேநீர் போடப் போனாள்.
'இந்தக் கட்டடத்துல எலி ஜாஸ்தி' என்றாள்,
கெட்டிலிடம்.

நான் கயிற்றைச் சட்டத்தில் நீட்டி வைத்தேன்.
அசையாதே என்றேன்,
பழக்கத்தில்,
கயிற்றிடம்.