உயிருடன்

நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
நான்கு வருடம், உசிலம்பட்டி தபால் நிலையத்தில்
மூன்று மணிக்குமேல் கூட்டம் வடிந்தபின்
பழைய படிவங்களின் முதுகில் எழுதி
இரவில் கணினியில் ஏற்றினேன்.

இறந்தவர்களோடு சிரமமில்லை.
கட்டையன், காலராவில் போனவர்.
பவுன்தாய், கிணற்றில்; காரணத்தை மட்டும்
ஆளுக்கொன்றாய்ச் சொன்னார்கள்.
பின்னாண்டி, இரண்டு முறை கப்பலேறியவர்.
இவர்களுக்கு இனி ஓடிபி வராது.
இவர்கள் வாசலில் யாரும்
நம்பர் பிளேட் இல்லாத வண்டியை நிறுத்தப் போவதில்லை.

உயிரோடிருப்பவர்கள்தான் கனம்.
பாதிப்பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்,
பள்ளிக்கூட வாத்தியார் புண்ணியத்தில்.
அந்தப் பொய்த் தேதிதான்
அவர்களுடைய பேங்க் கணக்கின் நிஜச் சாவி.
ஒரு மாமாவின் முதல் கல்யாணம்
அவர் பிள்ளைகளுக்கே தெரியாது.
ஒருத்தி தத்து வந்த தேதி எனக்குத் தெரியும்,
அவளுக்குத் தெரியாது.
எல்லாம் ஒரே கோப்பில்.
மூன்று எம்பிகூட இல்லை.

மாசிப் பச்சைக்கு முந்தின வாரம்
மொக்கராசு கேட்டான்:
'அக்கா, அந்த ஃபைலை அனுப்பு.
இருபதுக்குப் பன்னெண்டு பிளெக்ஸ்,
போட்டோவோட, போன் நம்பரோட
கோயிலுக்குப் போற ரோட்டுல கட்டுறோம்.
கிள்ளான்ல இருக்குற மாமாவுக்கும் ஒரு காப்பி.'

அனுப்பும் முன் மென்பொருள் கேட்டது:
உயிருடன் இருப்பவர்களை மறைக்கவா?
ஒரு டிக்.
நூற்று எழுபத்து மூன்று பேர்
ஒரே நொடியில் பெயரிழந்தார்கள்.
கட்டத்துக்குக் கட்டம் அதே சொல்:
உயிருடன். உயிருடன். உயிருடன்.
என் கட்டத்திலும்.
நாற்பத்தாறு வருடத்தில் என்னைப் பற்றி
யாரும் இவ்வளவு சுருக்கமாய்
நல்லது சொன்னதில்லை.

விரலை அழுத்தப் போகையில்தான் பார்த்தேன்.
சித்தப்பா மகள்
(பெயர் இங்கேயும் வேண்டாம்)
அவள் கட்டத்திலிருந்து ஒரு கோடு
பக்கத்துக் கட்டத்துக்கு ஓடியது.
நடுவிலிருந்து கீழே இரண்டு கோடு,
இரண்டு சின்னக் கட்டம்.
பெயரில்லை, ஊரில்லை, தேதியில்லை.
கோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தது:
தாலி கட்டியாயிற்று, பிள்ளை இரண்டு.
ஒன்பது வருடமாய் அரிவாளைத்
தீட்டாமலும் தொலைக்காமலும் வைத்திருப்பவர்களுக்கு
தேடத் தொடங்க அது போதும்.

கோடுகளை அழித்தேன்.
சின்னக் கட்டங்களையும்.
பெரியம்மா என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள்.
ஒன்று பையன், மற்றது...
அதுவும் வேண்டாம்.

இரவு பதினொன்றுக்கு மொக்கராசு அழைத்தான்.
'என்னக்கா, செத்தவுக மட்டுந்தான் இருக்காக.
கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்கு.'
சிரித்தேன். அவனும் சிரித்தான்.
சிரிப்பு அடங்குமுன்,
'அந்தக் கழுதை எந்த ஊருன்னு
ஒனக்குத் தெரியும்ல?'
உயிரோட இருக்கா, என்றேன்.
ஒரு லாரி கடந்துபோகும் நேரம்
இருவரும் லைனில் இருந்தோம்.

மாசிப் பச்சையன்று
பெட்டி தூக்கியது அவன்தான்.
விரதம், வெறுங்கால், தலைமேல் சாமிப் பெட்டி.
உள்ளே என்ன என்று அவன் கேட்டதில்லை.
அவன் அப்பாவும் கேட்டதில்லை.
ஊர் பார்க்கத் தூக்கலாம்,
ஊர் பார்க்கத் திறக்கக் கூடாது.
கண்ணீர் வழிய நடந்தான்.
அவனிடம் ஒன்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

கொட்டுச் சத்தத்துக்குள் என் போன் அதிர்ந்தது.
கேஸ் புக்கிங், என்றது திரை.
(அந்தப் பெயரையும் இப்போது மாற்றிவிட்டேன்.)
சீமைக்கருவேல மறைவுக்கு ஒதுங்கி எடுத்தேன்.
'பெட்டி கெளம்பிருச்சா?'
கெளம்பிருச்சு.
'இந்த வருசம் யாரு தூக்குறா?'
சொன்னேன்.
அந்தப் பக்கம் மூச்சு மட்டும்.
பின்னால் ஒரு பிள்ளை
எதையோ கீழே போட்டு உடைத்தது.
'அவ்வளவு தூரமா?' என்றாள்.
'அண்ணனுக்குக் கழுத்து வலி உண்டே.'